பேய் மரத்துக்கு நாலாவது டெண்டர்

அந்த மரத்தில் ஒருவன் தூக்குப் போட்டுக்கொள்ள வேண்டுமென்றால், முதலில் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்து ஏணி வண்டி கேட்க வேண்டும். அவ்வளவு உயரத்தில் இருந்தது முதல் கிளை.

மாப்பிள்ளை அண்ணாந்து பார்த்தார். கழுத்து வலித்ததுதான் மிச்சம்.

"அத்தை, ஒருத்தன் வாழ்க்கை வெறுத்துப்போய் இங்க வந்து நின்னான்னு வைங்க. மேல பாத்த உடனே, 'சே, சாகறதுக்கு இவ்வளவு வேலை இருக்கா'ன்னு மனசு மாறி வீட்டுக்குப் போயிருப்பான்."

அத்தை சிரிக்கவில்லை. வேலை நேரத்தில் அவர் சிரிப்பதில்லை. வேலை இல்லாத நேரம் என்று ஒன்றை மாப்பிள்ளை இதுவரை பார்த்ததில்லை.

அத்தையின் தொழில் துப்பறிவது. பெரும்பாலும் கல்யாண விசாரணைதான். பையன் குடிப்பானா, சொன்ன சம்பளம் நிஜமா, ஏற்கெனவே எங்காவது ஒரு குடும்பம் இருக்கிறதா என்று தோண்டித் துருவிப் பெண் வீட்டாருக்குச் சொல்வார். தன் சொந்த மகளுக்கு வந்த வரனையும் விடவில்லை. 'குடி இல்லை, கடன் இல்லை, புத்தி சுமார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பெண்ணைக் கொடுத்தார். வேலை பார்த்த கம்பெனி இழுத்து மூடப்பட்டதும் அந்தச் சுமார் புத்திக்காரர் அத்தையிடமே உதவியாளராகச் சேர்ந்துவிட்டார். தற்காலிகமாகத்தான். தற்காலிகம் இப்போது வருடக்கணக்கில் போய்க்கொண்டிருந்தது.

இன்று அவர்களைத் தேக்குத் தோப்புக்கு வரவழைத்தவர் வனத்துறை ரேஞ்சர். நல்ல மனிதர். கவலையில் இளைத்து, சீருடை அவர்மேல் கொடியில் காயப்போட்ட மாதிரி தொங்கியது.

"அரசாங்க நிலத்து மரம்மா. முத்திப்போச்சு. வெட்டி வித்துட்டுப் புதுசா கன்னு நடணும். டெண்டர் விட்டோம். யார் வேணா வந்து மரத்தைப் பாக்கலாம். தனக்குக் கட்டுற விலையை எழுதி, கவர்ல போட்டு ஒட்டி, எங்க ஆபீஸ் பெட்டியில போடணும். அடுத்தவங்க என்ன எழுதினாங்கன்னு யாருக்கும் தெரியாது. எல்லார் முன்னாடியும் பிரிப்போம். யாரோடது அதிகமோ அவங்களுக்கு மரம்."

"எத்தனை கவர் வந்துச்சு?" என்றார் அத்தை.

"மூணு தடவை டெண்டர் விட்டோம். மூணு தடவையும் பெட்டியைத் திறந்தா உள்ள ஒரு பல்லிதான் இருந்துச்சு."

"பல்லி எவ்வளவுக்குக் கேட்டுச்சு?" என்றார் மாப்பிள்ளை.

ரேஞ்சர் அழாத குறையாகப் பார்த்தார். "சார், விளையாடாதீங்க. இந்தப் பெரிய மரத்துல எவனோ தூக்குல தொங்கிட்டானாம். ஊர் பூரா அதே பேச்சு. இந்தத் தோப்பு மரத்துல கதவு செஞ்சா கதவு தானா திறக்குமாம், கட்டில் செஞ்சா கட்டிலுக்கடியில யாரோ அழுவாங்களாம். வியாபாரிங்க ஒருத்தர்கூட எட்டிப் பாக்க மாட்டேங்கறாங்க. போலீஸ்ல கேட்டேன். அப்படி ஒரு கேஸே இல்லைங்கறாங்க. அதைச் சொன்னா, 'அமுக்கிட்டாங்க'ன்னு ஊர்ல சொல்றாங்க."

"நாலாவது டெண்டர் எப்ப?"

"நாளைக்கு மத்தியானம். அதுலதாம்மா வினையே. மூணு தடவை போணியாகலைன்னா நாலாவது தடவை குறைஞ்சபட்ச விலை கிடையாதுன்னு விதி. ஒரே ஒரு கவர் வந்தாலும், அதுல விறகு விலை எழுதியிருந்தாலும், குடுத்தே ஆகணும். மேலதிகாரி என்ன நினைக்கறார்னா, வேண்டப்பட்டவனுக்குச் சல்லிசா தள்ளிவிட நான்தான் பேயைக் கிளப்பி விட்டேனாம். நாளைக்கு விறகு விலைக்குப் போச்சுன்னா சாயங்காலமே நான் சஸ்பெண்ட்." ரேஞ்சர் குரலைத் தாழ்த்தினார். "வீட்டுல என் சம்சாரமே கேக்கறா, 'என்கிட்டயாவது உண்மையைச் சொல்லுங்க, எவ்வளவு வாங்கினீங்க'ன்னு."

அத்தை மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "செத்தது யாரு?"

"அதாம்மா... அது யாருக்கும் சரியா தெரியலை."

"அப்ப முதல்ல பிணத்தைக் கண்டுபிடிக்கணும். வண்டிய எடுங்க மாப்பிள்ளை."

*

அந்த ஊரில் இவ்வளவு பெரிய தோப்பை வாங்கும் வசதி மூன்று பேருக்குத்தான் இருந்தது. முதல் ஆள் மர அறுவை மில் முதலாளி. ஊரில் அவருக்கு 'ரம்பம்' என்று பெயர். மில்லில் ரம்பம் ஓடுவதால் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அவரோடு பேசிவிட்டு வந்தவர்களுக்குத்தான் உண்மைக் காரணம் தெரியும்.

மரத்தூள் பறந்துகொண்டிருந்த மில்லில், ஓடும் இயந்திரச் சத்தத்தையும் மீறி அவர் முக்கால் மணி நேரம் பேசினார். அதில் உபயோகமானது கொஞ்சம்தான்.

"லாரி டிரைவருங்க அவன். காதல் தோல்வி. ஸ்டூல் போட்டு ஏறினான், கயித்த மாட்டினான், ஸ்டூலை எட்டி உதைச்சான். அவ்வளவுதான்! நான் நேர்ல போய்ப் பாக்கலை. அந்தப் பக்கம் யார் போவா? ஆனா பாத்தவன் சொன்னதைக் கேட்டவன் சொன்னான். அதுல பாருங்க, என் தாத்தா காலத்துல இதே மாதிரி ஒரு..."

தாத்தா காலம் தொடங்குவதற்குள் மாப்பிள்ளை வண்டியைக் கிளப்பிவிட்டார்.

இரண்டாவது, கதவு ஜன்னல் பட்டறை நடத்தும் அம்மாள். கணவர் இறந்தபின் பட்டறையை இரண்டு மடங்காக்கிய கெட்டிக்காரி. வார்னிஷ் வாசனைக்கு நடுவே ஒரு கதவின் கீலை ஆட்டிப் பார்த்தபடியே பதில் சொன்னார்.

"செத்தது ஒரு வீட்டு மருமகப்பிள்ளை. மாமியார் கொடுமை தாங்காமத்தான் போயிட்டானாம். காலு புல்லைத் தொட்டும் தொடாம ஆடிக்கிட்டு இருந்துச்சாம். கேக்கவே பரிதாபமா இருந்துச்சு."

"இது நம்பற மாதிரி இருக்கு அத்தை," என்றார் மாப்பிள்ளை.

அத்தை ஒரு பார்வை பார்த்தார். மாப்பிள்ளை உடனே கதவுக் கீலை ஆராயத் தொடங்கினார்.

மூன்றாவது ஆள் கட்டில் கடைக்காரர். ஊர் முழுக்க அவர் செய்த கட்டிலில்தான் தூங்கியது. மெதுவான குரல், மெதுவான நடை. பேய் மரம் என்ற வார்த்தை அத்தையின் வாயிலிருந்து வந்ததுமே இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

"வேணாம்மா! அந்தப் பேச்சே வேணாம். எனக்கு இதயம் பலவீனம். கேட்டா ராத்திரி தூக்கம் வராது. அந்தத் தோப்புப் பக்கம் நான் ஜென்மத்துல கால் வெச்சதில்லை, வைக்கவும் மாட்டேன்."

"கட்டில் கடைக்காரருக்கே தூக்கம் வரலைன்னா, நாங்கெல்லாம் எங்க போறது?" என்றார் மாப்பிள்ளை. "சும்மா சொல்லுங்க சார். அந்தாள் எட்டி உதைச்ச ஸ்டூல் என்ன ஆச்சு? அதையும் டெண்டர்ல சேத்தாங்களா?"

கட்டில் கடைக்காரர் காதிலிருந்து கையை எடுத்தார்.

"ஸ்டூலா? யார் சொன்னது? அந்தக் கிளைக்கு ஸ்டூல் போட்டா எட்டுமா தம்பி? அவன் மரமேறி. பெரிய மரத்துல ஏறிக் கிளை கழிச்சு விடற தொழில். கிளைவெட்டின்னு கூப்பிடுவாங்க. சந்தைக்குப் பின்னால வீடு. அவனால மட்டும்தான் அங்க ஏறி..." மறுபடியும் காதைப் பொத்திக்கொண்டார். "ஐயோ, சொல்ல வெச்சிட்டீங்களே! இனிமே இன்னிக்கு நான் சாப்பிட்ட மாதிரிதான்."

வெளியே வந்ததும் மாப்பிள்ளை கையைத் தட்டினார். "பிணத்துக்கு விலாசம் கிடைச்சிருச்சு அத்தை! பாவம், நடுங்கிட்டே உதவி பண்ணினார்."

"ஆமா, ரொம்ப உதவி பண்ணினார்," என்றார் அத்தை.

*

சந்தைக்குப் பின்னால் ஒற்றை அறை வீடு. கிளைவெட்டியின் மனைவி வாசலில் உட்கார்ந்து கோணிப்பை தைத்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் ஊசியைப் பத்திரமாகக் குத்தி வைத்துவிட்டு அழத் தொடங்கினாள். நன்றாகவே அழுதாள். மாப்பிள்ளைக்கே கண் கலங்கிவிட்டது.

அத்தை பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "அழாதம்மா. நல்ல மனுஷனா?"

"தங்கமான மனுஷங்க..."

"உன்னைக் கஷ்டப்படுத்தாம வெச்சிருந்தாரா?"

"கண்ணு கலங்க விட்டதில்லைங்க..."

"சாப்பாட்டுல எப்படி? என் வீட்டுக்காரர் இருந்தாரே, எதைப் போட்டாலும் சத்தமில்லாம சாப்பிடுவார்."

அழுகை சட்டென்று நின்றது. "நீங்க குடுத்து வெச்சவங்க! இந்தாளு இருக்கே, உப்பு ஒரு கல்லு குறைஞ்சா போதும், தட்டைத் தள்ளிவிடும். நேத்து ஆசையா வெச்ச குழம்பை, 'இதென்ன கழனித்தண்ணி'ன்னு..."

அவள் நிறுத்தினாள். சுவர்ப் பல்லி ஒருமுறை சத்தம் கொடுத்தது.

"நேத்து கனவுல வந்தாருங்க," என்றாள் அவள்.

"வருவாங்கம்மா," என்று அத்தை எழுந்துகொண்டார்.

தெருமுனை வந்ததும் மாப்பிள்ளை கேட்டார், "கனவுல வந்துமா குழம்பைக் குறை சொல்லுவான்?"

"மாப்பிள்ளை, நான் இத்தனை வருஷத்துல எத்தனையோ விதவைங்ககிட்ட விசாரிச்சிருக்கேன். உயிரோட இருந்தப்ப புருஷன் எவ்வளவு மோசமா இருந்திருந்தாலும் செத்தப்புறம் அவன் மகாத்மா. எந்தப் பொண்டாட்டியும் செத்தவனை இவ்வளவு ஆசையா திட்ட மாட்டா. ஆள் குத்துக்கல்லாட்டம் இருக்கான். அவளுக்குத் தெரியாம அவ பின்னாடி போவோம். உப்பு சரிபாக்கச் சாப்பாடு போய்த்தானே ஆகணும்?"

சாப்பாடு போனது. வெயில் சற்றுத் தாழ்ந்ததும் அவள் தூக்குச் சட்டியோடு பஸ் ஏறினாள். அத்தையும் மாப்பிள்ளையும் ஸ்கூட்டரில் பின்தொடர்ந்தார்கள். ஊருக்கு வெளியே, நெடுஞ்சாலை ஓரத்தில், வானத்தைத் தொடுகிற மாதிரி ஒரு விளம்பரப் பலகை. அதன் உச்சியில் இருந்து ஒரு கயிறு இறங்கியது. தூக்குச் சட்டி அதில் தொங்கியபடி மேலே போனது. அவள் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டாள்.

பலகையில் ஒரு குடும்பம் சிரித்துக்கொண்டிருந்தது. காப்பீட்டு விளம்பரம். 'நீங்கள் இல்லாவிட்டாலும் உங்கள் குடும்பம் நிம்மதியாக இருக்கும்' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. அந்த வாசகத்துக்கு மேலே காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார் இல்லாதவர்.

"யோவ், கீழே இறங்குய்யா!" என்று மாப்பிள்ளை கத்தினார்.

"நான் செத்துட்டேங்க!" என்று மேலிருந்து பதில் வந்தது.

"ஏறுங்க மாப்பிள்ளை," என்றார் அத்தை.

"அத்தை, எனக்கு மாடிப்படியில நாலாவது படிக்கு மேலயே தலை சுத்தும்."

"விழுந்தா என் பொண்ணுக்கு நான் பதில் சொல்லிக்கறேன். ஏறுங்க."

மாப்பிள்ளை ஏறினார். வாயில் எந்தெந்தத் தெய்வத்தின் பெயர் வந்தது என்று அவருக்கே ஞாபகமில்லை. கண்ணை மூடிக்கொண்டே உச்சிப் பலகையைத் தொட்டபோது ஒரு கை அவர் காலரைப் பிடித்துத் தூக்கி உட்கார வைத்தது.

"பயப்படாதீங்க. கீழ மட்டும் பாக்காதீங்க," என்றான் கிளைவெட்டி. எலும்பும் நரம்புமாக, கட்டை மீசையோடு இருந்தான். "சாப்பிடறீங்களா? உப்பு கம்மி."

"எப்படிய்யா செத்தே?"

"வெளியூர் லாரி டிரைவர் ஒருத்தர் வந்தாருங்க. யாரோ பெரிய மனுஷன் சொல்லியனுப்பினாராம். இங்க நிரந்தர வேலை, பலகையைக் கழுவி, கிழிஞ்சா ஒட்டணும். ஊருக்குள்ள மட்டும் தலை காட்டக் கூடாது, யாராவது கேட்டா பொண்டாட்டி அழணும். அவ்வளவுதான். யார் அந்தப் பெரிய மனுஷன்னு சத்தியமா தெரியாதுங்க."

"தூக்குல தொங்கினேன்னு ஊரே பேசுது. உனக்கு வருத்தமே இல்லையா?"

கிளைவெட்டி நிமிர்ந்து உட்கார்ந்தான். "அதுல ஒரு சண்டையே நடந்துச்சுங்க. மரத்துலேர்ந்து விழுந்து செத்தேன்னு சொல்லத்தான் முதல்ல இருந்தாங்க. நான் முடியவே முடியாதுன்னுட்டேன். தூக்குன்னா பரவாயில்லை. மனசு கஷ்டம், யாருக்கும் வரும். விழுந்துட்டேன்னு சொன்னா என் தொழில் மானம் என்ன ஆகறது?"

கீழேயிருந்து அத்தையின் குரல் வந்தது. ஒலிபெருக்கி தேவைப்படாத குரல்.

"ஏம்ப்பா! நாளைக்கு டெண்டர் முடிஞ்சுடும். அதுக்கப்புறம் உன்னை எதுக்கு அவன் இங்க வெச்சுச் சோறு போடறான்? வேலை போயிடும். ஊருக்குள்ள போனா பேய்னு கல்லால அடிப்பாங்க. யார் மரத்துல உன்னை ஏத்துவாங்க?"

கிளைவெட்டி மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினான். அந்தக் கோணத்தில் அவன் தன் சாவைப் பற்றி யோசித்ததே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"இந்தம்மா யாருங்க?"

"என் மாமியார்."

கிளைவெட்டி மாப்பிள்ளையை இரக்கத்தோடு பார்த்தான். "வாங்க, இறங்கலாம். என் தோளைப் பிடிச்சுக்கங்க."

*

மறுநாள் காலையில் அத்தை முதலில் போனது டெண்டர் ஆபீசுக்கு. வாசலிலேயே பூட்டுப் போட்ட தகரப் பெட்டி இருந்தது. "ஆட்டிப் பாருங்க," என்றார் ரேஞ்சரிடம்.

ரேஞ்சர் ஆட்டினார். உள்ளே லேசாக ஏதோ சரிந்தது. அவர் முகமும் கூடவே சரிந்தது. "ஒரு கவர் விழுந்திருக்கும்மா! நேத்துச் சாயங்காலம் இல்லை. யார் போட்டதுன்னு தெரியலை. போச்சு... விறகு விலைதான்... என் வேலை போச்சு..."

அத்தை சிரித்தார். கல்யாண நாளன்றுகூட அந்தச் சிரிப்பை மாப்பிள்ளை பார்த்ததில்லை.

"சீக்கிரம் வாங்க மாப்பிள்ளை. செத்தவரை ரெண்டு வீட்டுக்குக் கூட்டிப் போகணும்."

ரம்பத்தின் மில்லுக்குள் கிளைவெட்டி நுழைந்து, "ஐயா, கிளை கழிக்கிற வேலை ஏதாச்சும் இருக்குங்களா?" என்று கேட்டான். தூக்கில் தொங்கியவன் லாரி டிரைவர் என்று சத்தியம் செய்தவர்தான் ரம்பம். ஆனால் அதற்குள் கட்டில் கடைக்காரர் சொன்ன கதையும் ஊர் சுற்றி அவர் காதுக்கு வந்துவிட்டிருந்தது. கையிலிருந்த டீ சட்டையில் கொட்டியது. அத்தை நடந்ததைச் சொன்னார். சாவு பொய், பேய் பொய், மரம் மட்டும் நிஜம். ரம்பம் வாயைத் திறந்தார், மூடினார். மில்லில் வேலை பார்த்தவர்கள் முதலாளி பேசாமல் நிற்பதை முதல்முறையாகப் பார்த்து இயந்திரத்தை நிறுத்திவிட்டார்கள்.

"வரோங்க," என்றார் அத்தை. "அடுத்து கதவு பட்டறை அம்மாவையும் பாத்துச் சொல்லிட்டுப் போகணும்."

செத்தது கிளைவெட்டி என்ற கதை பட்டறை அம்மாளுக்கும் எட்டியிருந்தது; அவனைப் பார்த்ததும் வீல் என்று கத்தினார். கத்தி முடித்த அடுத்த விநாடி அவனைத் தொட்டுப் பார்த்தார். அதற்கடுத்த விநாடி பேனா தேடினார்.

"ரம்பம் ஐயாவுக்கும் தெரிஞ்சிருச்சுங்க," என்றார் அத்தை போகிற போக்கில்.

ஸ்கூட்டரில் ஏறியபோது மாப்பிள்ளைக்குப் பொறுக்கவில்லை. "எதுக்கு அத்தை, ஒருத்தருக்குத் தெரிஞ்சதை இன்னொருத்தர்கிட்ட போட்டுக் குடுக்கறீங்க?"

"உங்களைப் பாக்க வந்தப்ப உங்கம்மா எவ்வளவு கேட்டாங்கன்னு ஞாபகம் இருக்கா? வேற இடத்துலயும் என் பொண்ணைப் பாத்துட்டுப் போயிருக்காங்கன்னு காதுல விழுந்ததும் எவ்வளவு தழைஞ்சு வந்தாங்க? இதுவும் அதேதான். தனக்கு மட்டும்தான் உண்மை தெரியும்னு நினைச்சா ரெண்டு பேரும் விறகு விலையைத்தான் எழுதுவாங்க. அடுத்தவங்களுக்கும் தெரியும்னு தெரிஞ்சாத்தான் கை தாராளமா வரும்."

"சரி, கட்டில் கடைக்காரரை விட்டுட்டோமே?"

"அவருக்கு எதுக்கு? பயந்த சுபாவம், பாவம்."

*

டெண்டர் அறையில் மின்விசிறி சுற்றுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. மேலதிகாரி மேசைக்குப் பின்னால், கடுகடுவென்று உட்கார்ந்திருந்தார். முன்வரிசையில் கட்டில் கடைக்காரர், நெஞ்சில் கையை வைத்தபடி.

"நீங்க வர மாட்டீங்கன்னு நினைச்சேன் சார்," என்றார் மாப்பிள்ளை.

"ஊருக்கே விடிவு வரட்டும்னு பாக்க வந்தேன் தம்பி. யாராவது தைரியசாலி வாங்கி அந்தச் சனியனை வெட்டிப் போட்டாச் சரி."

நேரம் முடிய ஒரு நிமிடம் இருக்கும்போது வாசலில் ஒரே தள்ளுமுள்ளு. ரம்பமும் பட்டறை அம்மாளும் ஆளுக்கொரு கவரோடு பெட்டியின் துளையில் ஒரே சமயத்தில் கையை விட்டுச் சிக்கிக்கொண்டார்கள். "லேடீஸ் ஃபர்ஸ்ட்னு தெரியாதா?" என்று அம்மாள் சீற, ரம்பம் கையை உருவிக்கொண்டார். இரண்டு கவரும் உள்ளே விழுந்தன. கட்டில் கடைக்காரரின் கை நெஞ்சிலிருந்து தானாகக் கீழே இறங்கியது.

மேலதிகாரி பெட்டியைத் திறந்தார். மேலே இருந்த கவர் ரம்பத்துடையது. விலையைப் படித்ததும் ரேஞ்சர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். முதல் டெண்டரில் கேட்ட குறைந்தபட்ச விலையையே அது தாண்டியிருந்தது. அடுத்தது பட்டறை அம்மாளுடையது. ரம்பத்தைவிட ஒரு கைப்பிடி அதிகம். அம்மாள் தலையை நிமிர்த்தி அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

"அடியில இன்னொண்ணு இருக்கே," என்று மேலதிகாரி மூன்றாவதைப் பிரித்தார். புருவம் ஏறியது. "கட்டில் கடை. விறகு விலை."

எல்லோரும் முன்வரிசையைப் பார்த்தார்கள்.

"நானா?" என்றார் கட்டில் கடைக்காரர். "ஆமா... யாரும் கேக்கலைன்னா அரசாங்கத்துக்கு நஷ்டமாச்சேன்னு, பயத்தை அடக்கிக்கிட்டுப் போட்டேன். ஆனா ஒண்ணு! இந்த ரெண்டு பேரும் தெரியாம விலை எழுதிட்டாங்க. அது சாவு விழுந்த மரம். இந்த டெண்டரை நிறுத்துங்க!"

அத்தை கதவைத் திறந்துவிட்டார். கிளைவெட்டி உள்ளே வந்து எல்லோருக்கும் பொதுவாக வணக்கம் சொன்னான்.

"பேய்!" என்று அலறிய கட்டில் கடைக்காரர் நாற்காலியோடு சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"சார், இப்பத்தான் டீ குடிச்சுட்டு வரேன். இன்னும் காசுகூடக் குடுக்கலை," என்றான் கிளைவெட்டி.

"நீங்க அப்படியே படுத்துக்கிட்டே கேளுங்க," என்றார் அத்தை. "ரம்பம் ஐயா கதையில செத்தவன் ஸ்டூல் போட்டு ஏறினான். இந்த அம்மா கதையில கால் புல்லைத் தொட்டுச்சு. ஏன்னா ரெண்டு பேரும் அந்த மரத்தைப் பாத்ததே இல்லை. நீங்களும் தோப்புல கால் வெச்சதில்லைன்னீங்க. ஆனா ஸ்டூல்னு சொன்ன உடனே, 'அந்தக் கிளைக்கு ஸ்டூல் எட்டுமா'ன்னு திருத்தினீங்க. ஒரு பேச்சுக்குச் சிரிச்சுட்டுப் போயிருக்கலாம். தான் கட்டின கதையில ஓட்டையை யார் காட்டினாலும் மனசு கேக்காது. ஓடிப்போய் அடைச்சீங்க. அதுக்குன்னே மரமேறி ஒருத்தனை வேற தேடிப் பிடிச்சு வெச்சிருந்தீங்க."

கண் மூடியபடியே கட்டில் கடைக்காரர் சொன்னார், "யாரோ சொன்னாங்க, நான் சொன்னேன். அது குத்தமா?"

"ஊர் பூரா பேய்னு நம்பிட்டு இருந்தப்பவே உங்க கவர் பெட்டிக்குள்ள விழுந்திருச்சு. இவங்க ரெண்டு பேரும் செத்தவனை உயிரோட பாத்தப்புறம்தான் போட்டாங்க. நீங்க பாக்காமலே போட்டீங்க. கட்டிலுக்கடியில யாரும் அழ மாட்டாங்கன்னு இந்த ஊர்ல உங்க ஒருத்தருக்குத்தான் நிச்சயமா தெரிஞ்சிருக்கு."

இதெல்லாம் புத்திசாலித்தனம்தான், ஆனால் பிடிமானம் போதாது என்று மாப்பிள்ளைக்குக் கவலையாக இருந்தது. மேலதிகாரி முகத்திலும் அதேதான் தெரிந்தது. அப்போது கிளைவெட்டி ஜன்னல் பக்கம் போனான். வெளியே கட்டில் கடையின் லாரி நின்றுகொண்டிருந்தது. அதில் சாய்ந்து நின்று, முதலாளிக்காகக் காத்திருந்தவன் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே!" என்று கிளைவெட்டி சந்தோஷமாகக் கையாட்டினான். "இவர்தாங்க! இவர்தான் என்னைச் சாகச் சொன்ன டிரைவர்!"

டிரைவர் நிமிர்ந்து பார்த்தான். பீடியையும் லாரியையும் முதலாளியையும் அப்படியே விட்டுவிட்டு ஓடத் தொடங்கினான். ரேஞ்சரின் காவலர்கள் வாசலைத் தாண்டுவதற்குள் அவனைப் பிடித்துவிட்டார்கள். அதன் பிறகு கட்டில் கடைக்காரருக்கு மயக்கம் தானாகத் தெளிந்தது. யாரும் தண்ணீர்கூடத் தெளிக்கவில்லை.

மேலதிகாரி போலீசுக்குப் போன் போட்டுவிட்டு, ரேஞ்சரைப் பார்த்துத் தொண்டையைச் செருமினார். "உங்களைப் பத்தி ஒரு ஃபைல் இருக்கு. அதை... நான் பாத்துக்கறேன்." மன்னிப்புக் கேட்பதில் அவர் போகக்கூடிய தூரம் அவ்வளவுதான். ரேஞ்சருக்கு அதுவே போதுமாக இருந்தது. உடனே மனைவிக்குப் போன் செய்ய வெளியே ஓடினார். "நான் ஒண்ணுமே வாங்கலடி! நிஜமாவே ஒண்ணுமே வாங்கல!" என்று அவர் கூவியது உள்ளே எல்லோருக்கும் கேட்டது. மறுமுனையில் அந்தம்மாள் என்ன சொன்னாரோ, ரேஞ்சரின் குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது.

பட்டறை அம்மாள் டெண்டர் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தார். தோப்பு அவருடையது. இனி மரங்களை வெட்ட வேண்டும். அதற்கு முன்னால் கிளைகளைக் கழிக்க வேண்டும். அவ்வளவு உயரத்தில் ஏறக்கூடிய ஆள் அந்த வட்டாரத்திலேயே ஒருவன்தான்.

"என்னப்பா, நாளைக்கே வேலையை ஆரம்பிச்சுடலாமா? மரத்துக்கு எவ்வளவு?" என்றார்.

கிளைவெட்டி மீசையைத் தடவி ஒரு தொகையைச் சொன்னான். அம்மாளுக்கு மூச்சே நின்றுவிட்டது.

"இதென்ன அநியாயம்! போன வருஷம் இதுல பாதிதானே வாங்கினே?"

"அது நான் சாகறதுக்கு முந்தின ரேட்டுங்கம்மா."